ஃபாரெவரா, பெர்மனென்ட்லியா, ஆல்வேஸா?

கேள்வி இதுதான்: ஆல்வேஸ், ஃபாரெவர், பெர்மனென்ட்லி, கன்டின்யுவஸ்லி, பெர்பெச்சுவலி, எடர்னலி என்று ஆங்கிலத்தில் இத்தனை சொற்கள் இருக்க, அகராதியைப் புரட்டினால் 'எப்போதும்', 'என்றும்', 'நிரந்தரமாக', 'இடைவிடாமல்' என்ற நான்கே சொற்கள் மாறி மாறி வருகின்றன. எதை எங்கே போடுவது? ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் என்ன கெட்டுவிடும்?

பல இடங்களில் ஒன்றும் கெடாது, கேட்பவர் புரிந்துகொள்வார். சில இடங்களில் மட்டும் விலை அதிகம். நேர்முகத் தேர்வில் உங்களைப் பற்றி நீங்களே புகார் சொன்ன மாதிரி ஆகிவிடும். ஊரை விட்டுப் போனவர் திரும்பி வருவாரா மாட்டாரா என்று தெரியாமல் போகும். ஒப்பந்தமாக இருந்தால், எழுதியவரின் உரிமையே கைமாறிப் போகலாம்.

தமிழ்ப் பொருளை மனப்பாடம் செய்து இதைத் தீர்க்க முடியாது. அந்தச் சொல் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்று பார்க்க வேண்டும். இதற்கு ஒரு முடிவு உண்டா? நடுவில் இடைவெளி விழுகிறதா? முடியும் தேதி குறித்தாகிவிட்டதா? ஃபாரெவரும் பெர்மனென்ட்லியும் முதல் கேள்விக்குப் பதில். கன்டின்யுவஸ்லி இரண்டாவதற்கு. இன்டெஃபினிட்லி மூன்றாவதற்கு. ஆல்வேஸ் இந்த மூன்றிலும் சேராது. 'எத்தனை தடவை?' என்று கேட்டால் 'அத்தனை தடவையும்' என்பதுதான் அதன் பதில். நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடமும் அதுதான் என்பதால் அங்கிருந்தே தொடங்கலாம்.

பழைய ஆங்கிலத்தில் ஆல்வேஸ் 'வழி முழுவதும்' என்று பொருள்படும் இரண்டு சொற்களாக இருந்தது. கிட்டத்தட்ட நம் 'வழிநெடுக' தான். வழிநெடுக என்பது தூரத்திலிருந்து காலத்துக்கு நகர்ந்ததுபோல் அதுவும் நகர்ந்தது. கடைசியில் ஒட்டியிருக்கும் 'ஸ்' பன்மையைக் காட்டுவதில்லை; சம்டைம்ஸ், ஒன்ஸ் போன்ற சொற்களில் இருப்பதைப்போல் பழைய வேற்றுமை உருபின் மிச்சம் அது. 1611-இல் வெளியான ஆங்கில விவிலியத்தில் மத்தேயுவின் கடைசி வசனத்தில் 'ஸ்' இல்லாமல் 'ஆல்வே' என்றே இருக்கிறது. அதே இடத்தில் தமிழ் வேதாகமம் 'சகல நாட்களிலும்' என்கிறது. ஆல்வேஸைப் புரிந்துகொள்ள 'எப்போதும்' என்பதைவிட இது நல்ல வழிகாட்டி. ஆல்வேஸ் ஒரு நீண்ட கோடு கிடையாது, ஒன்றுவிடாமல் எண்ணப்பட்ட புள்ளிகளின் வரிசை.

முதல் தவறு, அதை வைக்கும் இடம். தமிழில் 'எப்போதும் நான் காலையில் காபிதான் குடிப்பேன்' என்று தொடங்கலாம். அந்தப் பழக்கத்தில் 'ஆல்வேஸ் ஐ டிரிங்க் காஃபி' என்று வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் ஆல்வேஸ் வாக்கியத்தின் தலையில் நிற்பது பெரும்பாலும் கட்டளையில்தான்: 'ஆல்வேஸ் ஸ்விட்ச் ஆஃப் தி கேஸ்'. மற்ற இடங்களில் அது முக்கிய வினைக்கு முன்னால் வரும்: 'ஐ ஆல்வேஸ் டிரிங்க் காஃபி'. வினை ஈஸ், ஆம், ஆர், வாஸ் என்றால் அதற்குப் பின்னால் வரும்: 'ஷி ஈஸ் ஆல்வேஸ் பங்க்சுவல்'. துணைவினைகள் ஒன்றுக்கு மேல் இருந்தால் முதல் துணைவினைக்கு அடுத்து: 'ஐ ஹேவ் ஆல்வேஸ் பீன் டோல்ட்'. ஒரு முக்கிய விலக்கு, வாக்கியம் ஈஸ், ஆம் என்று அறுந்து நிற்கும்போது. 'ஈஸ் ஷி லேட்?' என்று கேட்டால் 'ஷி ஆல்வேஸ் ஈஸ்' என்பதுதான் பதில். அங்கே ஆல்வேஸ் முன்னுக்கு வந்துவிடும்.

இரண்டாவது தவறு இதைவிடப் பெரியது. தமிழில் 'வருகிறேன்' என்பது பழக்கத்தையும் குறிக்கும், இப்போது நடப்பதையும் குறிக்கும். அதனால் நம் ஆங்கிலத்தில் 'இங்' சேர்த்த வினை தேவைக்கு மேல் புழங்குகிறது. ஆல்வேஸோடு இந்த 'இங்' சேரும்போது ஆங்கிலக் காதுக்கு வேறொன்று கேட்கும்: 'எதிர்பார்த்ததைவிட அதிகமாக, எரிச்சல் வரும் அளவுக்கு'. 'ஹி ஆல்வேஸ் லூசஸ் ஹிஸ் கீஸ்' என்பது தகவல். 'ஹி ஈஸ் ஆல்வேஸ் லூசிங் ஹிஸ் கீஸ்' என்றால் 'எப்பப் பார்த்தாலும் சாவியைத் தொலைச்சிட்டு நிப்பான்'. நம் 'எப்பப் பார்த்தாலும்' இருக்கிறதே, அதன் தொனி அப்படியே. சில சமயம் செல்லமாகவும் வரும்: 'ஷி ஈஸ் ஆல்வேஸ் ஹெல்பிங் சம்படி'. ஆனால் வேலைக்கான நேர்முகத்தில் 'ஐ ஆம் ஆல்வேஸ் டேக்கிங் ரெஸ்பான்சிபிலிட்டி' என்றால், பொறுப்பெல்லாம் என் தலையில்தான் விழுகிறது என்று அலுத்துக்கொள்வதுபோல் ஒலிக்கும். 'ஐ ஆல்வேஸ் டேக்' என்று நிறுத்துங்கள். ஃபாரெவர், கான்ஸ்டன்ட்லி, கன்டின்யுவலி, பெர்பெச்சுவலி ஆகியவையும் 'இங்' உடன் சேர்ந்தால் இதே அலுப்பைத்தான் காட்டும்.

மூன்றாவது, எதிர்மறை. 'அவன் எப்போதும் வருவதில்லை' என்ற தமிழ் வாக்கியத்துக்கே இரண்டு பொருள் கொள்ளலாம்: ஒருபோதும் வருவதில்லை, அல்லது எல்லா நேரமும் வருவதில்லை. ஆங்கிலத்தில் இவை இரண்டு தனி வாக்கியங்கள். முதலாவது 'ஹி நெவர் கம்ஸ்'. இரண்டாவது 'ஹி டஸ் நாட் ஆல்வேஸ் கம்', அதாவது சில நாள் வருவான். நாம் சொல்லிவிடும் 'ஹி ஆல்வேஸ் டஸ் நாட் கம்' இந்த இரண்டுக்கும் நடுவில் தொங்குகிறது. எழுதியதைப் படித்துப் பார்க்கும்போது ஆல்வேஸுக்குப் பின்னால் 'நாட்' வந்திருந்தால் நிறுத்தி, எந்தப் பொருள் வேண்டும் என்று முடிவு செய்து மாற்றிவிடுவது நல்லது.

இதற்கு நேரெதிராக, ஆல்வேஸின் ஒரு பயன்பாடு தமிழுக்கு மிக நெருக்கமானது, ஆனால் பாடப்புத்தகங்கள் சொல்லித் தருவது அரிது. 'யூ கேன் ஆல்வேஸ் டேக் தி பஸ்' என்ற வாக்கியத்தில் 'எப்போதும் பஸ்ஸில் போ' என்ற பொருள் இல்லை. ரயில் கிடைக்காவிட்டால் 'இருக்கவே இருக்கு பஸ்' என்பதுதான். கேன், குட் ஆகியவற்றுக்குப் பக்கத்தில் ஆல்வேஸைக் கண்டால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

இனி முடிவில்லாத சொற்களுக்கு வருவோம். ஃபாரெவர் முதலில் ஃபார், எவர் என்று இரண்டு சொல். 1611 விவிலியத்தில் பரமண்டல ஜெபத்தின் முடிவில் அது இரண்டாகவே இருக்கிறது. தமிழில் அந்த இடம் 'என்றென்றைக்கும்'. பின்னாளில் ஒட்டி எழுதும் வழக்கம் வந்தது. பிரிட்டிஷ் எழுத்துநடையில் கவனமாக எழுதுகிறவர்கள் இன்றும் ஒரு வேறுபாட்டைக் காப்பார்கள்: 'என்றென்றைக்கும்' என்றால் பிரித்து, 'ஓயாமல்' என்றால் சேர்த்து. அமெரிக்கர்கள் இரண்டுக்கும் சேர்த்தே எழுதுவார்கள். நீங்கள் எந்தப் பக்கம் என்று முடிவு செய்துகொண்டு, ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும். பொருளைப் பிரித்துக் காட்டுவது உண்மையில் அது நிற்கும் இடம்தான். வாக்கியத்தின் கடைசியில் நின்றால் என்றென்றைக்கும். 'இங்' வினைக்கு முன்னால் நின்றால் ஓயாமல். 'ஐ வில் ரிமெம்பர் திஸ் ஃபாரெவர்' என்பதும் 'ஹி ஈஸ் ஃபாரெவர் கம்ப்ளெய்னிங்' என்பதும் வேறு வேறு சொற்களைப்போலவே நடந்துகொள்கின்றன.

பேச்சில் ஃபாரெவர் பெயர்ச்சொல்லாகவும் மாறிவிடும். 'இட் டுக் ஃபாரெவர்' என்றால் யுகம் ஆகிவிட்டது என்ற மிகை. ஆதார் மையத்தில் நாற்பது நிமிடம் காத்திருந்ததற்குக்கூடச் சொல்லலாம். அலுவலக அறிக்கையில் இந்த மிகை வேண்டாம், அங்கே நிமிடக் கணக்கை எழுதுங்கள்.

ஃபாரெவருக்கும் பெர்மனென்ட்லிக்கும் என்ன வேறுபாடு? கணினித் திரையிலேயே இரண்டும் இருக்கின்றன. ஜிமெயில் குப்பைத்தொட்டியில் பொத்தானின் பெயர் 'டெலீட் ஃபாரெவர்'. விண்டோஸில் ஷிஃப்டும் டெலீட்டும் சேர்த்து அழுத்தினால் கோப்பைப் 'பெர்மனென்ட்லி டெலீட்' செய்யலாமா என்று கேட்கும். இரண்டும் சரிதான், தொனி மட்டும் மாறுகிறது. முன்னது வீட்டுப் பேச்சு, பின்னது அலுவலகப் பேச்சு. ஆனால் எல்லா வினையோடும் இப்படி மாற்றிப் போட முடியாது. நிலை மாறுவதைச் சொல்லும் வினைகள் பெர்மனென்ட்லியை ஏற்கும்: மூடு, நீக்கு, சேதப்படுத்து, குடியேறு. ஒரு செயல் நடந்து முடிந்தது, அதன் விளைவு இனி மாறாது என்பதுதான் அதன் பொருள். நீடித்திருக்கும் நிலையைச் சொல்லும் வினைகள் ஃபாரெவரை ஏற்கும்: வாழ், நேசி, நினைவில் வை, நிலைத்திரு. கூகுள் மேப்பில் கடையின் பெயருக்குக் கீழே 'பெர்மனென்ட்லி க்ளோஸ்ட்' என்று இருந்தால் இயல்பு. 'ஐ லவ் யூ பெர்மனென்ட்லி' என்றால் பணி நிரந்தர ஆணை கொடுத்ததுபோல் இருக்கும்.

பெர்மனென்ட் என்பதன் இலத்தீன் வேரில் 'தங்கு' என்ற பொருள் இருக்கிறது. ரிமெய்ன், மேன்ஷன் ஆகியவையும் அதே வேரிலிருந்து வந்தவை. தங்குவதற்கு ஒரு எதிர்ப்பதம் உண்டு: தற்காலிகம். எதிரில் 'டெம்பரரி' ஒன்று நிற்கும் இடங்களில்தான் இந்தச் சொல் உயிரோடு இருக்கிறது: நிரந்தர முகவரி, தற்காலிக முகவரி, பெர்மனென்ட் ஊழியர், ஒப்பந்த ஊழியர். 'பான்' என்ற பெயரின் முதல் எழுத்தும் இந்தச் சொல்லிலிருந்து வந்ததுதான். ஊர் மாறினாலும் வேலை மாறினாலும் அந்த எண் மாறாது என்பது அதன் பொருள்.

அதற்காகப் பெர்மனென்ட் என்றால் அழியாதது என்று நினைத்துவிடக் கூடாது. 1793-இல் அன்றைய கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் வங்காளத்தில் ஜமீன்களின் வரியை 'பெர்மனென்ட் செட்டில்மென்ட்' என்று நிர்ணயித்தார்; நம் பள்ளிப் பாடங்களில் இது நிலையான நிலவரித் திட்டம். சென்னை மாகாணத்துக்கு 1802-ஆம் ஆண்டின் 25-ஆவது ஒழுங்குமுறையாக வந்தது. சிவகங்கை ஜமீன்தாரின் பட்டத்தில் இருந்த 'இஸ்திமிரார்' என்ற சொல்லும் பாரசீக வழி வந்த 'நிரந்தரம்' தான். 1948-இல் சென்னை மாகாண எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்து அந்த நிரந்தரத்தை முடித்துவைத்தது. ஆக, செய்கிறவர் மாற்றும் எண்ணம் இல்லாமல் செய்கிறார் என்பதைத்தான் பெர்மனென்ட் சொல்கிறது. யாராலும் மாற்ற முடியாது என்ற உத்தரவாதத்தைத் தருவதில்லை.

இந்தக் குடும்பத்தில் நம்மை அதிகம் ஏமாற்றுவது 'ஃபார் குட்'. 'ஷி லெஃப்ட் சென்னை ஃபார் குட்' என்றால் நல்லதற்காகச் சென்னையை விட்டாள் என்ற பொருள் வராது. ஒரேயடியாகப் போய்விட்டாள், திரும்பமாட்டாள் என்பதே பொருள். 'ஃபார் குட் அண்ட் ஆல்' என்ற பழைய தொடரின் சுருக்கம் இது. இதன் மறுபக்கம் இன்னும் சிக்கல். வேலை போன நண்பருக்கு ஆறுதலாக 'எவ்ரிதிங் ஈஸ் ஃபார் குட்' என்கிறோம். எல்லாம் நன்மைக்கே என்பது நம் எண்ணம். ஆங்கிலம் தாய்மொழியானவர் காதில் 'இதெல்லாம் இனி இப்படியேதான் இருக்கும்' என்று விழக்கூடும். ஆறுதலுக்கு உரிய தொடர் 'ஃபார் தி பெஸ்ட்'.

'ஒன்ஸ் அண்ட் ஃபார் ஆல்' இதன் பங்காளி. தமிழில் இரண்டுக்கும் 'ஒரேயடியாக' என்கிறோம். ஃபார் குட் விளைவு நீடிப்பதைச் சொல்கிறது. இது செயல் கடைசித் தடவையாக நடப்பதைச் சொல்கிறது. தகராறைத் தீர்ப்பது, கேள்விக்கு முற்றுப்புள்ளி வைப்பது போன்ற வினைகளோடுதான் வரும்.

அடுத்து இடைவெளிக் கேள்வி. கன்டின்யுவஸ்லி என்றால் ஒரு நொடிகூட அறாமல். கன்டின்யுவலி என்றால் விட்டு விட்டு, ஆனால் திரும்பத் திரும்ப. குழாய் நீர் கொட்டுவது முன்னது. பக்கத்து வீட்டு நாய் இரவு முழுக்கக் குரைப்பது பின்னது. பேச்சில் ஆங்கிலேயர்களே இதைக் குழப்புவார்கள் என்பதால் கதையிலோ கடிதத்திலோ தவறினால் பரவாயில்லை. தொழில்நுட்ப எழுத்தில் தவறக் கூடாது. தடுப்பூசிகள் பலவற்றை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும். அங்கே 'கன்டின்யுவஸ்லி' என்றுதான் எழுத வேண்டும். 'கன்டின்யுவலி' என்றால் நடுவில் இரண்டு மணி நேரம் மின்சாரம் போனாலும் பரவாயில்லை என்ற வாசிப்புக்கு இடம் கொடுக்கிறது. கோடு, கம்பி, வேலி என்று இடத்தைப் பற்றிப் பேசும்போதும், கணிதத்திலும், கன்டின்யுவஸ் மட்டுமே உண்டு.

நம் 'தொடர்ந்து' இந்த இரண்டையும் விழுங்கிவிடும் என்பதுதான் சங்கடம். 'மூன்று நாள் தொடர்ந்து தாமதமாக வந்தான்' என்பதை 'கன்டின்யுவஸ்லி ஃபார் த்ரீ டேஸ் ஹி கேம் லேட்' என்று எழுதினால், எழுபத்திரண்டு மணி நேரம் நிற்காமல் தாமதமாக வந்துகொண்டே இருந்தான் என்று ஆகிறது. எண்ணக்கூடிய நிகழ்வுகள் அடுத்தடுத்து நடந்தால் 'த்ரீ டேஸ் இன் எ ரோ' அல்லது 'ஆன் த்ரீ கான்செக்யூட்டிவ் டேஸ்'. 'மூணு நாளாத் தொடர்ந்து காய்ச்சல்' என்று மருத்துவரிடம் ஆங்கிலத்தில் சொல்லும்போதும் பாருங்கள். மருத்துவத்தில் கன்டின்யுவஸ் ஃபீவர் ஒரு கலைச்சொல்: ஒரு நாளைக்குள் ஏற்ற இறக்கம் சுமார் 1 டிகிரி செல்சியஸுக்குள், ஒருமுறைகூட இயல்பு நிலைக்கு இறங்காமல் இருப்பது. மாத்திரை போட்டதும் இறங்கி இரவில் மறுபடி ஏறினால், எத்தனை மணிக்கு இறங்கியது, எத்தனை மணிக்கு ஏறியது என்று சொல்வதே மேல். அட்வெர்ப்பை விடுங்கள், நேரத்தைச் சொல்லுங்கள்.

சட்டம் தன் வசதிக்கு இந்தச் சொல்லையும் வளைத்துக்கொள்ளும். பணிக்கொடைக்கான 1972-ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்தாண்டு 'கன்டின்யுவஸ்' பணி வேண்டும் என்றது. ஆனால் அதே சட்டம் நோய், விபத்து, விடுப்பு, லே-ஆஃப் எனும் தற்காலிகப் பணிநிறுத்தம் ஆகியவற்றை இடைவெளியாகக் கணக்கிடவில்லை. பொதுவாக ஓராண்டில் 240 நாள் வேலை செய்திருந்தால் அந்த ஆண்டைத் தொடர்ச்சியானதாகவே அது கொண்டது. அதனால் சட்டத் தாளில் இந்தச் சொல்லைக் கண்டால் அகராதியைத் திறக்காதீர்கள், அந்தச் சட்டத்தின் வரையறைப் பிரிவைத் திறங்கள்.

கான்ஸ்டன்ட்லி கன்டின்யுவலிக்கு அருகில் நிற்கிறது, அடிக்கடி, சலிக்கும்வரை. ஆனால் 'கான்ஸ்டன்ட்' என்ற பெயரடைக்கு 'அளவு மாறாத' என்ற பொருளும் உண்டு. வேகமோ வெப்பமோ மாறாமல் இருக்க வேண்டும் என்றால் 'கெப்ட் கான்ஸ்டன்ட்' என்று எழுதுங்கள். 'கான்ஸ்டன்ட்லி கெப்ட்' என்றால் அந்தப் பொருள் நழுவிவிடும். இன்செஸன்ட்லி நம் 'ஓயாமல்'. மழை, இரைச்சல், பேச்சு என்று காதுக்குத் தொல்லையானவற்றோடு சேரும், நல்ல விஷயங்களோடு அவ்வளவாகச் சேராது. பெரேனியலி ஆண்டுதோறும் மீள்வது. வேரில் இருப்பது 'ஆண்டு'. வற்றாத நதியைப் பெரேனியல் என்கிறோம். தோட்டக்கலையில் இரண்டு ஆண்டுக்கு மேல் வாழும் செடி பெரேனியல். ஊரில் கோடைதோறும் வரும் தண்ணீர்ப் பஞ்சத்துக்கும் இதே சொல் பொருந்தும்.

பெர்பெச்சுவலியைப் புரிந்துகொள்ள ஆங்கிலத்தைவிடச் சோழர் கல்வெட்டுகள் உதவும். கோயிலில் அணையாது எரியும் நந்தா விளக்கை ஆங்கிலத்தில் பெயர்த்த கல்வெட்டறிஞர்கள் 'பெர்பெச்சுவல் லேம்ப்' என்றார்கள். 'எடர்னல்' என்பதைவிட இது பொருந்துகிறது, ஏனென்றால் அந்த விளக்கு தானாக எரியவில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் இடையரிடம் ஒப்படைக்கப்படுகின்றன. அவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளைச் சோழர் கல்வெட்டு வழக்கு 'சாவா மூவாப் பேராடு' என்கிறது. தனி ஆடு சாகத்தான் செய்யும். குட்டி அதன் இடத்தை நிரப்புவதால் மந்தையின் எண்ணிக்கை சாவதுமில்லை, மூப்பதுமில்லை. திரி மாறும், நெய் மாறும், ஆள் மாறும், சுடர் நிற்காது. பெர்பெச்சுவல் என்ற சொல்லின் சட்டப் பயன்பாடு முழுவதும் இந்த மந்தைதான். நிறுவனத்துக்குப் 'பெர்பெச்சுவல் சக்ஸஷன்' உண்டு என்று கம்பெனிச் சட்டம் சொல்வதும் இதையே: பங்குதாரர்கள் இறக்கலாம், மாறலாம், நிறுவனம் தொடரும்.

அந்தக் கல்வெட்டுகளின் இன்னொரு தொடர் 'சந்திராதித்தவல்'. சந்திரனும் சூரியனும் உள்ளவரை. இன்றைய ஒப்பந்த ஆங்கிலத்தில் அதன் வேலையைச் செய்வது 'இன் பெர்பெச்சுவிட்டி'. பதிப்பு ஒப்பந்தத்தில் இந்தத் தொடரைக் கண்டால் கையெழுத்துக்கு முன் நில்லுங்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 19-ஆம் பிரிவின்படி, உரிமையை எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்று கொள்ளப்படும். அதாவது ஒன்றும் எழுதாமல் விட்டால் ஐந்து ஆண்டில் உரிமை உங்களிடம் திரும்பும். 'இன் பெர்பெச்சுவிட்டி' என்று எழுதிவிட்டால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. கதை, கட்டுரை போன்றவற்றுக்குப் பதிப்புரிமையே ஆசிரியர் இறந்து 60 ஆண்டோடு முடிகிறது என்பதால் சந்திராதித்தர் வரை போகாது என்பது வேறு விஷயம்.

நீதிமன்றத்தில் 'பெர்பெச்சுவல் இன்ஜங்ஷன்' என்பது நிரந்தர உறுத்துக்கட்டளை, அதாவது ஒரு செயலைத் தடுக்கும் உத்தரவு. 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வழிச் சட்டம் 37-ஆம் பிரிவு, தற்காலிகக் கட்டளை குறித்த காலம் வரையோ மறு உத்தரவு வரையோ இருக்கும் என்றும், நிரந்தரக் கட்டளை வழக்கை முழுதாக விசாரித்துத் தீர்ப்பாணையில்தான் தரப்படும் என்றும் பிரிக்கிறது. கைக்கடிகாரங்களில் 'பெர்பெச்சுவல் காலண்டர்' என்று ஒரு வகை உண்டு. லீப் ஆண்டையும் தானே கணக்கிட்டுத் தேதி காட்டும். நான்காண்டுக்கு ஒரு லீப் என்ற கணக்கில் அமைந்தவை 2100-இல் பிசகும், ஏனென்றால் அது லீப் ஆண்டு கிடையாது. அந்த மார்ச் 1 அன்று கையால் திருத்த வேண்டியிருக்கும். அன்றாடப் பேச்சில் மட்டும் இந்தச் சொல் கம்பீரத்தை இழந்து 'பெர்பெச்சுவலி டயர்ட்', 'பெர்பெச்சுவலி லேட்' என்று அலுப்புக்கு இறங்கிவிட்டது.

இன்டெஃபினிட்லியைப் பலர் 'முடிவில்லாமல்' என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதில் முடிவு பற்றிய பேச்சே இல்லை. முடியும் தேதி குறிக்கப்படவில்லை, அவ்வளவுதான். நாளையேகூட முடியலாம். நம் செய்தித்தாள்கள் இதைச் சரியாகப் பிடித்திருக்கின்றன: காலவரையற்ற வேலைநிறுத்தம் என்பார்கள், நிரந்தர வேலைநிறுத்தம் என்று ஒருநாளும் எழுதுவதில்லை. நாடாளுமன்றத்தை 'சைனி டை' ஒத்திவைத்தால் 'தேதி குறிப்பிடாமல் ஒத்திவைப்பு' என்று தலைப்புப் போடுவார்கள். அந்த இலத்தீன் தொடரின் பொருளும் 'நாள் இல்லாமல்' என்பதே. 'போஸ்ட்போன்ட் இன்டெஃபினிட்லி' என்று அறிவிப்பு வந்தால் நிகழ்ச்சி ரத்து என்று நினைத்து டிக்கெட்டைக் கிழிக்காதீர்கள். உணவுக் குறிப்பில் 'கீப்ஸ் இன்டெஃபினிட்லி' என்று இருந்தால், கெடும் நாளை யாரும் குறிக்க முடியாத அளவுக்குத் தாங்கும் என்று பொருள். சாதாரண உப்பு அந்த ரகம். அவசரத்தில் டெஃபினிட்லி என்று எழுத நினைத்து இதை எழுதிவிடுகிறவர்களும் உண்டு. 'ஐ வில் இன்டெஃபினிட்லி அட்டெண்ட்' என்றால் வந்தவர் கிளம்பவே மாட்டார் போலிருக்கிறது! இன்ஃபினிட்லி ஒலியில் இதைப்போல் இருந்தாலும் பயன்பாட்டில் வேறு. 'இன்ஃபினிட்லி பெட்டர்' என்பதுபோல் பெரும்பாலும் அளவைத்தான் சொல்லும்.

எடர்னலிக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதன் உரிய இடம் சமயமும் கவிதையும். அன்றாட ஆங்கிலத்தில் அது 'எடர்னலி கிரேட்ஃபுல்' என்ற ஒற்றைத் தொடரில்தான் அதிகம் நடமாடுகிறது. விடுப்பு அனுமதித்ததற்காக மேலாளருக்கு அதை எழுதினால் கேலிபோல் தொனிக்கும். 'வெரி கிரேட்ஃபுல்' போதும். ஒரு சுவையான உறவு மட்டும் உண்டு. இந்தச் சொல் வந்த இலத்தீன் வேரும், வடமொழி 'ஆயுஸ்' வழியாக நாம் எடுத்துக்கொண்ட 'ஆயுள்' என்ற சொல்லின் வேரும் ஒன்று என்கிறது மொழியியல். ஆங்கிலத்தில் வயதைக் குறிக்கும் 'ஏஜ்' என்பதும் அதே கொடியில் காய்த்ததுதான். அங்கே முடிவில்லாததையும் இங்கே முடிந்துவிடும் ஒன்றையும் ஒரே வேர் குறித்துக்கொண்டிருக்கிறது.

கடைசியாக 'எவர்'. ஒருகாலத்தில் இது தனியாகவே 'எப்போதும்' என்று பொருள்பட்டது. இன்றைய ஆங்கிலத்தில் தனியாக நின்றால் 'எப்போதாவது' என்றுதான் பொருள். அதுவும் பெரும்பாலும் கேள்வி, எதிர்மறை, நிபந்தனை, ஒப்பீடு ஆகிய இடங்களில்: 'ஹேவ் யூ எவர் சீன் இட்?'. அதனால் 'ஐ எவர் லவ் யூ' என்ற வாழ்த்து அட்டை வாசகம் தவறு. அங்கே ஆல்வேஸ் வேண்டும். பழைய பொருள் பிழைத்திருப்பது ஒட்டுச் சொற்களிலும் உறைந்த தொடர்களிலும்தான்: எவர் சின்ஸ், கடிதத்தின் கீழே யுவர்ஸ் எவர், இலை உதிராத எவர்கிரீன். பிறகு நம் அடுக்களையில் துருப்பிடிக்காத பாத்திரத்துக்கு வைத்த பெயர், எவர்சில்வர். ஆங்கிலேயரிடம் போய் அந்தச் சொல்லைச் சொன்னால் விழிப்பார். அவர்களுக்கு அது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்.